இரண்டாம் ஆட்டம் கிடையாது

டாம்வொர்த் என்று இங்கிலாந்தில் ஓர் ஊர். பர்மிங்ஹாமுக்குப் பக்கம். ஊருக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கிறது, ஐந்தாவது டிவிஷன். மைதானத்தில் ஐயாயிரம் பேருக்குக்கூட இடம் கிடையாது. தரை, செயற்கைப் புல். கோல்கீப்பர் பெயர் ஜஸ் சிங். பெயரைக் கேட்டதுமே நமக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது, இல்லையா? மனிதர் பகலில் கட்டட சர்வேயர். மேட்ச் அன்றைக்கு மட்டும்தான் கிளவுஸ்.

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. இந்த டாம்வொர்த்துடன் ஆட வந்தவர்கள் லண்டன் டாட்டன்ஹாம். பிரீமியர் லீக் கிளப். சொந்த ஸ்டேடியத்தில் 62,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் தொடங்கவே தாமதமானது. காரணம், கோல் வலையில் ஓட்டை! ஒட்டுப்போட்டுக் கட்டிய பிறகுதான் விசில் ஊதினார்கள்.

90 நிமிடம் ஆடினார்கள். 0-0.

ஒரே ஒரு வருடம் முந்தி இது நடந்திருந்தால், டாம்வொர்த்தில் அன்றைக்கு ராத்திரி தீபாவளிதான். ஏனென்றால் அப்போதெல்லாம் மூன்றாம் சுற்றில் டிரா என்றால் ‘ரீப்ளே’. டி.வி.யில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்களே, அந்த ரீப்ளே இல்லை. மறு ஆட்டம். முதல் மேட்ச் உன் ஊரில் நடந்ததா, சரி, அடுத்த வாரம் என் ஊருக்கு வா, முதலில் இருந்து ஆடலாம். டாம்வொர்த் பையன்கள் பஸ் பிடித்து லண்டன் போய், 62,000 சீட் ஸ்டேடியத்தில் காலை வைத்திருப்பார்கள். டிக்கெட் வசூலில் செலவு போக இரண்டு கிளப்புக்கும் சம பங்கு. ஒரு சின்னத் துண்டு மட்டும் சங்கத்தின் பொது நிதிக்கு.

ஆனால் இது 2025. ரீப்ளே ரத்து. உடனே எக்ஸ்ட்ரா டைம். அரை மணி நேரம். சர்வேயரும் மற்றவர்களும் ஏற்கெனவே நாக்குத் தள்ளிப்போய் நிற்கிறார்கள். டாட்டன்ஹாம் பெஞ்சிலிருந்து குலுசெவ்ஸ்கி மாதிரி ஆட்களை இறக்குகிறது. 101-வது நிமிடத்தில் ஒரு டாம்வொர்த்காரர் மீதே பட்டு பந்து உள்ளே போனது. அப்புறம் இன்னும் இரண்டு கோல். 3-0. கதை முடிந்தது, கைதட்டி அனுப்பிவிட்டார்கள்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. மற்றவர்கள் கோலைப் பார்க்கும்போது அவன் கல்லாவைப் பார்ப்பான். நானும் பார்த்தேன். லண்டன் மறு ஆட்டத்துக்கு 40,000 பேர் வந்தார்கள், டிக்கெட் சல்லிசாக 20 பவுண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு லட்சம் பவுண்ட். செலவெல்லாம் கழித்து டாம்வொர்த் பங்கு மூன்றரை லட்சம் என்றால், நம் காசுக்கு மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். டி.வி. பணத்தைச் சேர்க்கவில்லை. ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத மைதானத்தில் இந்தத் தொகைக்கு எத்தனை சனிக்கிழமை டிக்கெட் கிழிக்க வேண்டும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது என் மனக்கணக்குதான். ஆனால் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த மாதிரிக் கணக்கில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘மேஜிக்’, ‘கனவு’ என்றெல்லாம் அந்த ஊர்ப் பத்திரிகைகள் வருடா வருடம் ஜனவரியில் எழுதுகின்றன. மேஜிக்குக்கு ஒரு பொருளாதாரம் இருந்தது. 2024-ல் அதைத்தான் கத்தரித்தார்கள்.

முதலில், இது என்ன மாதிரி போட்டி என்று சொல்லிவிடுகிறேன். எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள். ஆகஸ்டில் ஊர்ப் பெயர்கூட நமக்கு வாயில் நுழையாத அமெச்சூர் அணிகள் தொடங்கும். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. மாதா மாதம் வடிகட்டி வடிகட்டி, ஜனவரியில் மூன்றாம் சுற்று. அப்போதுதான் மேல் இரண்டு டிவிஷன்களின் 44 பெரிய மனிதர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களோடு கீழிருந்து ஏறி வந்த 20 பேர். எல்லோர் நம்பரையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குலுக்குவார்கள். தகுதி வரிசை, சிபாரிசு, ஒன்றும் கிடையாது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரே முனிசிபாலிட்டி ஊழியர் ஆடும் டீம் வரலாம். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. மைதானம், விளக்கு என்று சில நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் இவ்வளவு அகலமாகத் திறந்த கதவு விளையாட்டு உலகில் அதிகம் இல்லை.

வயது? டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு அண்ணன். 1871-ல் முடிவெடுத்து, 1872 மார்ச்சில் முதல் ஃபைனல். நடந்த இடம் லண்டன் ஓவல், ஆமாம், நம் கவாஸ்கர் 221 அடித்த அதே ஓவல். யோசனை சார்லஸ் ஆல்காக் என்பவருடையது. கால்பந்துச் சங்கத்தின் செயலாளர், சர்ரே கிரிக்கெட் கிளப்புக்கும் செயலாளர். இந்தப் போட்டியை முன்மொழிந்தவர் அவர், நடத்திய சங்கத்தின் செயலாளர் அவர், முதல் கோப்பையை ஜெயித்த வாண்டரர்ஸ் அணியின் கேப்டனும் அவரே. ஊர்த் திருவிழாவில் விழாக் கமிட்டித் தலைவரே சைக்கிள் ரேஸில் முதல் பரிசு வாங்குவது போல. ஃபைனலில் கோல் போட்டவர் புனைபெயரில் ஆடினார் என்பது கூடுதல் கிளுகிளுப்பு. எழுத்தாளர்களுக்கு மட்டுமா அந்த உரிமை?

அந்த முதல் வருடத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க் என்று ஒரு கிளப். கோப்பை செய்வதற்குத் தன் பங்காக ஒரு கினி நன்கொடை கொடுத்த கிளப். கோப்பையின் மொத்த விலையே 20 பவுண்ட்தான் என்பதால் அது ஒன்றும் சின்னத் தொகை இல்லை. அரையிறுதிக்காக லண்டன் வந்து ஆல்காக்கின் வாண்டரர்ஸுடன் ஆடினார்கள். 0-0. மறுபடி ஆட வேண்டும். ஆனால் லண்டனுக்கு வந்ததே ஊரில் வசூல் செய்த காசில். இன்னொரு தடவை வர ரயில் சார்ஜ் இல்லை. விலகிக்கொண்டார்கள். வாண்டரர்ஸ் ஆடாமலே ஃபைனலுக்குப் போய், கோப்பையையும் எடுத்தது.

கவனியுங்கள். 1872-ல் மறு ஆட்டம் என்பது ஏழைக்குச் செலவு. நூறு வருடம் கழித்து அதே மறு ஆட்டம் ஏழைக்கு வரவு. ஐந்தொகையில் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய்விட்டது. நடுவில் நடந்தது என்னவென்றால், ஜனங்கள் காசு கொடுத்து ஃபுட்பால் பார்க்கப் பழகினார்கள். வசூல் வந்தது. வசூலைப் பங்கு போடும் விதி வந்தது. பெரிய ஸ்டேடியம் கட்டியவன் பணக்காரன்தான். ஆனால் ஓர் ஏழை அங்கே போய் ஆடினால் அன்றைக்கு ஒரு நாள் கல்லாவில் பாதி அவனுக்கு. இதைவிட நேர்த்தியான சோஷலிசத்தை முதலாளித்துவ நாட்டில் பார்ப்பது கஷ்டம்.

மறு ஆட்டத்துக்கும் ஓர் அளவு இல்லாமல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1971 நவம்பரில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டி என்ற இரண்டு சின்ன அணிகள் மோதின. டிரா. மறுபடி டிரா. மறுபடியும் டிரா. ஆறாவது மேட்சில்தான் ஆல்வ்சர்ச் ஒரே ஒரு கோல் அடித்தது. மொத்தம் பதினோரு மணி நேர ஆட்டம்! அப்படி முக்கி முனகி ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றில் தோற்றார்கள். இதையெல்லாம் கட்டுப்படுத்தியதில் தப்பே இல்லை. 1990-களில் ஒரே ஒரு ரீப்ளே, அதற்குமேல் பெனால்டி என்றார்கள். பிறகு ஃபைனல், அரையிறுதி, கால் இறுதி, ஐந்தாம் சுற்று என்று மேலிருந்து ஒவ்வொன்றாக ரீப்ளேயை எடுத்தார்கள். யாரும் பெரிதாக அழவில்லை. அந்தச் சுற்றுகளில் பெரும்பாலும் பெரிய கிளப்புகள்தானே!

கீழே கை வைத்தபோதுதான் அலறல்.

அலறியதில் நியாயம் இருக்கிறதா என்று தெரிய, அதே 1971-72 சீசனுக்கே போகலாம். ஹெரிஃபோர்ட் யுனைடெட். வேல்ஸ் எல்லையோரத்தில் ஒரு சின்ன ஊரின் கிளப், லீகிலேயே கிடையாது. எதிரே நியூகாசில், முதல் டிவிஷன். முதல் மேட்ச் நியூகாசில் மண்ணில், 2-2. மறு ஆட்டம் 1972 பிப்ரவரி 5, ஹெரிஃபோர்ட் ஊரில். மைதானமா அது, நடவுக்கு உழுதுபோட்ட வயல். நியூகாசில் 1-0 என்று முன்னிலை. இன்னும் ஐந்தாறு நிமிடம்தான் பாக்கி. அப்போது ரானி ராட்ஃபோர்ட் என்பவர் முப்பது கஜ தூரத்திலிருந்து ஒரு உதை விட்டார். தொழிலால் தச்சர். பந்து போய் மேல் மூலையில் சொருகிக்கொண்டது. பையன்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்கள். எக்ஸ்ட்ரா டைமில் ரிக்கி ஜார்ஜ் இன்னொன்று போட்டார். 2-1. அந்த ஊர் டி.வி.யில் ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த கோலை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரீப்ளேயின் ரீப்ளே.

எஃப்.ஏ. கோப்பையின் மேஜிக் என்று எந்தக் காட்சியைப் போஸ்டர் அடிக்கிறார்களோ, அந்தக் காட்சி ஒரு மறு ஆட்டத்தில் வந்தது. இன்றைய விதிப்படி பார்த்தால் 2-2 ஆன அன்றே நியூகாசிலில் அரை மணி நேரம் நீட்டி, தேவைப்பட்டால் பெனால்டி அடித்து முடித்திருப்பார்கள். சேறும் இல்லை, தச்சரும் இல்லை.

ஹெரிஃபோர்ட் மரியாதைக்கு என்றால், எக்ஸிடர் சிட்டி பணத்துக்கு. 2003-ல் கடனில் மூழ்கி, லீகிலிருந்தும் இறங்கிப்போன கிளப்பை ரசிகர்களே டிரஸ்ட் அமைத்துக் கையில் எடுத்தார்கள். கடன்காரர்கள் வாசலில். 2005 ஜனவரி 8, குலுக்கலில் வந்தது மான்செஸ்டர் யுனைடெட், அதுவும் அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்டில். 67,000 பேர் பார்த்தார்கள். ஃபெர்குசன் பொடியன்களை இறக்கிச் சமாளிக்கப் பார்த்தார். 0-0. ஒரு வசூலோடு போகாமல் இரண்டாவது வசூல், இந்த முறை சொந்த ஊரில், டி.வி.யோடு. அங்கே ரொனால்டோவும் ரூனியும் ஆளுக்கொரு கோல் போட்டு எக்ஸிடரைத் தோற்கடித்தார்கள். யார் கவலைப்பட்டார்கள்? இரண்டு மேட்ச் பணத்தில் கடனில் பெரும் பகுதி தீர்ந்தது. கிளப் பிழைத்தது. கணக்குப் புத்தகத்தில் இதற்கு ‘எதிர்பாராத வரவு’ என்று ஒரு தலைப்பு போடலாம். சின்ன கிளப் பொருளாளர்கள் ராத்திரி சாமி கும்பிடுவது அந்த ஒரு தலைப்புக்காகத்தான்.

சரி, 2024-க்கு வருவோம். ஏப்ரல் 18-ம் தேதி கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீகும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. அடுத்த சீசனில் இருந்து, முதல் சுற்று தொடங்கி, ரீப்ளே கிடையாது. காரணம், நாள் இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் முதல் கட்ட மேட்ச்கள் ஆறிலிருந்து எட்டாகின்றன, வீரர்கள் களைத்துப்போகிறார்கள். பதிலுக்குக் கோப்பையின் சுற்றுகள் வார இறுதிகளிலேயே நடக்கும், அடிமட்டக் கால்பந்துக்குப் பிரீமியர் லீக் கூடுதலாக 3.3 கோடி பவுண்ட் வரை தரும் என்றார்கள். கீழ் டிவிஷன் கிளப்புகள் கொதித்தன. எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார்கள். ஏற்கெனவே பேசி முடித்த விஷயம்தான் என்றது சங்கம். கல்யாணம் நிச்சயமான பிறகு பெண்ணுக்குச் சேதி சொல்வது மாதிரி இருந்தது.

வீரர்கள் களைப்பது பொய் இல்லை. வருடம் அறுபது மேட்ச் ஆடும் இருபத்திரண்டு வயதுப் பையனின் முழங்காலைப் பற்றி நானோ நீங்களோ ஜோக் அடிக்கக் கூடாது. ஆனால் அந்த அறுபதில் எது புதிதாகச் சேர்ந்தது? சாம்பியன்ஸ் லீகில் கூடுதல் மேட்ச்கள், பணக்காரர்கள் பணக்காரர்களுடன் ஆடுவது. 2025 கோடையில் அமெரிக்காவில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை, அதுவும் அப்படியே. வீட்டில் ஃபிரிட்ஜ், ஏ.சி., இரண்டாவது டி.வி. எல்லாம் வாங்கிவிட்டு, கரண்ட் பில் எகிறுகிறது என்று வாசல் விளக்கைக் கழற்றுவது ஒரு வகைச் சிக்கனம்.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். அறிவிப்பு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மே 19-ம் தேதி லீக் சீசன் முடிந்தது. மே 22-ம் தேதி டாட்டன்ஹாமும் நியூகாசிலும் எங்கே ஆடிக்கொண்டிருந்தன தெரியுமா? ஆஸ்திரேலியா, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில். நட்பு ஆட்டமாம்! கூட்டம் 78,000-க்கு மேல். உலகத்தின் மறு கோடிக்குப் பறந்து, மூன்றாம் நாள் ஆட்டம். லண்டனிலிருந்து டாம்வொர்த்துக்கு இரண்டு மூன்று மணி நேர பஸ் பயணம். எதில் கால் அதிகம் வலிக்கும்?

ஆக, பிரச்னை களைப்பு இல்லை, கணக்கு. எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் ஜெயிக்கிற கிளப்புக்கு அந்த மேட்சுக்கான பரிசு சுமார் 20 லட்சம் பவுண்ட். பிரீமியர் லீகில் ஒரே ஒரு இடம் மேலே ஏறினால், 14-லிருந்து 13, அவ்வளவுதான், 2023-24 கணக்குப்படி சுமார் 28 லட்சம். நூற்றைம்பது வருடப் பாரம்பரியக் கோப்பையைத் தூக்குவதைவிட, பதின்மூன்றாவதாக வருவது லாபம்! கடைசி இடத்தில் வந்து இறங்கிப்போகிற கிளப்புக்கே நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. 2013-ல் விகன் அத்லெடிக் ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று கவிழ்த்துக் கோப்பையை வாங்கியது. மூன்றாம் நாள் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அந்த கிளப் ஆடிட்டரிடம் எது முக்கியச் செய்தி என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் பெரியவர்களுக்குக் கோப்பை ஒரு சம்பிரதாயம். மொய் எழுதிவிட்டுக் கிளம்பும் கல்யாணம். 1999-2000 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட், நடப்புச் சாம்பியன், போட்டிக்கே வரவில்லை. பிரேஸிலில் கிளப்புகளுக்கான உலகப் போட்டி இருந்தது. 2006 உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கிடைக்கும் என்ற ஆசையில் கால்பந்துச் சங்கமே அவர்களைப் போய் வா என்றது. தன் வீட்டு விசேஷத்துக்கு மாப்பிள்ளை வராவிட்டால் பரவாயில்லை என்று சொன்ன மாமனார் உலகத்தில் அவர்கள் மட்டும்தான். உலகக் கோப்பை ஜெர்மனிக்குப் போய்விட்டது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ரீப்ளே போனால் என்ன, அதிசயம் நின்றா போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நிற்கவில்லை. 2024 ஜனவரியில், ரீப்ளே இருந்த கடைசி சீசனில், ஆறாவது டிவிஷன் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் இப்ஸ்விச்சைத் தோற்கடித்தது. இப்ஸ்விச் 38 தடவை கோலை நோக்கி உதைத்தது, ஒன்றுதான் உள்ளே போனது. மெய்ட்ஸ்டோன் உதைத்ததே இரண்டு தடவை. இரண்டும் கோல். ரீப்ளே தேவைப்படவில்லை. 2026 ஜனவரி 10-ம் தேதி இன்னும் பெரிதாக ஒன்று. 2020-ல் கடனில் கலைக்கப்பட்டு, புதிய பெயரில் ஒன்பதாவது டிவிஷனில் இருந்து ஆரம்பித்து ஏறி வந்த மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஆறாவது டிவிஷன் அணி, நடப்புச் சாம்பியன் கிரிஸ்டல் பாலஸை 2-1 என்று வெளியே தள்ளியது. லீகுக்கு வெளியே இருக்கும் ஓர் அணி நடப்புச் சாம்பியனை வீழ்த்தியது 1909-க்குப் பிறகு அப்போதுதான். 1909-ல் அப்படிச் செய்தது யார் என்கிறீர்கள்? இதே கிரிஸ்டல் பாலஸ். வுல்வ்ஸை வீழ்த்தியது. மறு ஆட்டத்தில்.

மேஜிக் செத்துப்போனது என்று ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. ஆனால் மேக்கிள்ஸ்ஃபீல்ட் மாதிரி ஜெயிப்பது நூற்றில் ஒருவருக்கு. சின்ன அணிக்குக் கைக்கு எட்டும் அதிகபட்சம் டிரா. பத்து பேர் கோல் வாசலில் சுவர் மாதிரி நின்று, பதினோராவது ஆள் பந்தைப் பிடித்து, 90 நிமிடம் தாக்குப்பிடித்தால் அதற்கு ஒரு கூலி இருந்தது. இப்போது அந்தக் கூலி இல்லை. 90 நிமிடம் தாக்குப்பிடித்தவனுக்குக் கிடைப்பது இன்னும் 30 நிமிடம் அடி.

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள்? பிரான்ஸின் கோப்பையிலும் ரீப்ளே இல்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆடும் போட்டி அது, இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் ரீயூனியன் தீவிலிருந்துகூட ஃப்ளைட் பிடித்து வருவார்கள். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. இரண்டு டிவிஷன் கீழே இருக்கிற அணியின் ஊரில்தான் மேட்ச். குலுக்கலில் பெயர் எந்த வரிசையில் வந்தாலும் சரி. ஸ்பெயினிலும் 2019-20 முதல் ஒற்றை ஆட்டம், சின்ன அணியின் ஊரில். பெரியவன் சின்னவன் வீட்டுக்கு வர வேண்டும். பிரான்ஸில் 2000-ம் வருடம் கலே என்ற துறைமுக ஊரின் அமெச்சூர் அணி, நான்காவது டிவிஷன், நடப்பு லீக் சாம்பியன் போர்தோவை அரையிறுதியில் தோற்கடித்து ஃபைனல் வரைக்கும் போனது. பகலில் வேறு வேலை பார்த்த பையன்கள். ஃபைனலில் கடைசி நிமிட பெனால்டியில் நான்த் அணியிடம் 2-1 என்று தோற்றார்கள். நான்த் கேப்டன் லாண்ட்ரோ கலே கேப்டனைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

அதற்காக பிரான்ஸில் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். அந்த கலே கிளப் 2017-ல் திவாலாகி இழுத்து மூடப்பட்டது. கோப்பை ஒரு நாள் விருந்து போடும், மாதா மாதம் ரேஷன் போடாது.

சொந்த ஊர் மேட்ச் என்றாலும் சின்ன கிளப்புக்குள்ளேயே சண்டை வரும். ஆட்டக்காரர்களுக்குச் சொந்த மைதானம் வேண்டும், அங்கேதான் ஜெயிக்க வாய்ப்பு. பொருளாளருக்கு எதிராளியின் பெரிய ஸ்டேடியம் வேண்டும், அங்கேதான் வசூல். ரீப்ளே இந்தச் சண்டையை அழகாகத் தீர்த்து வைத்திருந்தது. ஒரு மேட்ச் இங்கே, ஒரு மேட்ச் அங்கே, இருவரும் சந்தோஷம். பிரான்ஸும் ஸ்பெயினும் மைதானத்தையாவது கொடுத்தன. இங்கிலாந்து ரீப்ளேயை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு மைதானத்தையும் கொடுக்கவில்லை. பழையபடி குலுக்கல்தான். முதலில் வந்த நம்பருக்குச் சொந்த ஊர்.

எல்லா ரீப்ளேயையும் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்க வேண்டாம். நடக்காது. இப்படிச் செய்யலாம்: இரண்டு அணிக்கும் நடுவே மூன்று டிவிஷன் அல்லது அதற்குமேல் வித்தியாசம் இருந்து, 90 நிமிடத்தில் டிரா ஆனால் மட்டும் மறு ஆட்டம், பெரிய அணியின் ஸ்டேடியத்தில். வருடத்துக்கு அப்படி ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். ஒரு கிளப்புக்கு அது பத்து வருடத்தில் ஒரு தடவை வரலாம். மெல்பர்னுக்கு டிக்கெட் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கிடைக்காமலா போகும்?

மறு ஆட்டத்தால் பெரியவர்களுக்கு என்ன லாபம் என்று டாட்டன்ஹாம்காரர்கள் கேட்டால் 1901-ஐ எடுத்துக் காட்டலாம். அன்றைக்கு டாட்டன்ஹாம் லீகிலேயே இல்லை. 1888-ல் லீக் ஆரம்பித்த பிறகு, லீகுக்கு வெளியே இருந்து இந்தக் கோப்பையை ஜெயித்த ஒரே அணி அதுதான், இன்றைக்கு வரைக்கும். லண்டனில் ஃபைனல், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் 2-2 டிரா. மறு ஆட்டத்தை வடக்கே போல்டனில் வைத்தார்கள். அங்கே ஸ்டேஷனில் கட்டட வேலை நடக்கிறதென்று ரயில்வே சலுகை டிக்கெட் தர மறுத்துவிட்டது. வந்தது இருபதாயிரம் சொச்சம் பேர்தான். பெரும் கூட்டத்தை எதிர்பார்த்து ஊர்க்காரர்கள் சுட்டு வைத்த பை பலகாரமெல்லாம் மலைபோல மிஞ்சிப்போனது. டாட்டன்ஹாம் 3-1 என்று ஜெயித்து, கோப்பையோடு லண்டன் ரயில் ஏறியது.